வீட்டுக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள என்னவருக்கு,

நீங்கள் போட்ட கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த இன்னொரு கடிதமும் கிடைத்தன. முதலாவது எனக்கு, ஒரு பக்கம். இரண்டாவது உங்கள் சங்கீத நண்பர்களுக்கு, நான்கு பக்கம். இதில் யார் உங்களுக்கு முக்கியம் என்று நான் கேட்கவில்லை, நம் மகள்தான் கேட்டாள்.

நாங்கள் இருவரும் சௌக்கியம். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றார். பல் மருத்துவமனையில் எனக்கு வேலை கூடிவிட்டது. கூட இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். டோக்கன் கொடுப்பது, தொலைபேசி எடுப்பது, உள்ளே யாராவது அலறினால் வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இப்போது என் தலையில்தான். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, படிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டத்துக்குப் போய்வந்தேன். பாலத்தைக் கட்டி முடித்து நீங்கள் திரும்பும்வரை உங்கள் இடம் பறிபோகக் கூடாது, உங்கள் நாற்காலியில் யாராவது உட்கார்ந்து உங்கள் கருத்தைப் படித்துவிட்டு வந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான். இல்லையென்றால் ஊறவைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு எனக்கு அங்கே என்ன வேலை?

இத்தனை வருடமாகத் தலையை வாரி, சட்டைக்குப் பெட்டி போட்டுப் புறப்படுவீர்களே, ஏதோ பெரிய மண்டபம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் கண்ணாடிக்கடை மாடி. ஒன்பது நாற்காலி, ஒரு டேப் ரெக்கார்டர், லென்ஸ் அடுக்கிய ஒரு அலமாரி, சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை. ஒரு மணி நேர ஆலாபனையை நான் அந்த அட்டையின் கடைசி வரியை வாசிக்க முயன்றே கடத்தினேன். வாசிக்க முடியவில்லை. எனக்கும் கண்ணாடி போட வேண்டும்போல. கூட்டத்துக்குப் போனதில் அந்த ஒரு லாபம் உண்டு.

உங்கள் தலைவரைப் பார்த்தேன். நில அளவை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. பேசும்போதும் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்துதான் வைக்கிறார். ஜன்னலோரம் பருமனாக ஒருவர், பாட்டு எப்படி இருந்தாலும் ‘ஆஹா’ என்கிறார். அவருக்கு ஆஹாக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நான்கு பக்கத்தையும் படித்தேன். ‘ஜீவஸ்வரம்’ என்ற இடத்தில் மட்டும் நாக்கு புரளவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கேட்கப்போகிற கச்சேரியின் கேசட் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். யார் வாசித்தது என்று கண்ணாடிக்கடைக்காரர் எழுதவில்லை. எல்லோரும் கேட்டு, பேசி முடித்த பிறகுதான் பெயரைச் சொல்வாராம். உங்களுக்குத் தெரியாததா.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவியும் பிரதிநிதியும்.

*

அன்புள்ள உங்களுக்கு,

குழாயைச் சரி செய்துவிட்டார்கள், இப்போது தண்ணீரே வரவில்லை. மகள் பரீட்சையை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். இனி நடந்ததைக் கேளுங்கள்.

இந்த மாதம் உங்களுக்கு அனுப்பிய நகலில் தோடி ராகம், வயலின். நீங்களும் கேட்டு எழுதியிருந்தீர்கள். ‘வில்லில் வயதின் கனிவு தெரிகிறது. இந்த நிதானம் வாழ்ந்து பார்த்தவருக்கு மட்டுமே கைவரும். இளையவர்கள் இதற்கு இன்னும் முப்பது வருடம் காத்திருக்க வேண்டும்’ என்ற வரிகளை நானே ஒரு தடவை வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டு போனேன். கூட்டத்திலும் தோடி, வயலின். முடிந்ததும் படித்தேன். ஆஹாக்காரர் இரண்டு ஆஹா போட்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீங்கள் சொன்னது ரொம்பச் சரி என்றும், வாசித்தவருக்கு எழுபதுக்குக் குறையாது என்றும், இந்தப் பாணி அந்தத் தலைமுறையோடு போய்விட்டது என்றும் சொன்னார். மற்றவர்களும் ஆளுக்கொரு காரணம் சேர்த்தார்கள். ஒருவர் அந்தப் பெரியவர் யாரிடம் கற்றிருப்பார் என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மெல்ல எழுந்துபோய் கேசட்டை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. பெரியவரின் வாசிப்பு கேசட்டின் ஒரு பக்கத்தில் இருந்திருக்கிறது. அதிலிருந்துதான் உங்களுக்கு நகல் எடுத்திருக்கிறார். கூட்டத்தில் போடும்போது கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். நாங்கள் கேட்டது மறுபக்கம். அது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் முதல் கச்சேரி.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் முடியவில்லை. முதலில் எல்லோரும் என்னை முறைத்தார்கள், அப்புறம் ஆஹாக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. தலைவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், ‘சரிம்மா, சிரிக்கிறீங்களே, உங்களுக்கு என்ன தோணிச்சு, அதைச் சொல்லுங்க’ என்றார். கோபத்தில்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வாசித்தவருக்கு என்ன வயது என்றெல்லாம் எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் பயந்துபோய், போன வழியிலேயே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது, பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று துணிந்த மாதிரியும் இருந்தது, அந்தத் துணிவு வந்த பிறகுதான் நான் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டேன் என்றேன். கண்ணாடிக்கடைக்காரர் கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தைப் போட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

உங்கள் கருத்தில் தவறே இல்லை, நீங்கள் கேட்ட பெரியவருக்கு அது பொருத்தம்தான். அதைத் தலைவரும் மூன்று முறை சொன்னார். அதனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

உங்கள் மனைவி.

*

அன்புள்ள கோபக்காரருக்கு,

‘என் கருத்தைப் படித்தால் போதும், சொந்தச் சரக்கு வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கருத்தை ஒரு எழுத்து விடாமல் முதலில் படித்துவிடுகிறேன். அதன் பிறகு அவர்கள் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று பொய் சொல்லவா?

போன தடவை நீங்கள் கம்பீரம் என்று எழுதிய பாடகர் எனக்கு மிருதங்கக்காரர்மேல் எரிச்சலில் இருப்பவராகத்தான் தெரிந்தார். அதைச் சொன்னேன். பாதிப் பேர் உங்கள் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். உடனே நான் பெரிய மேதாவி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு முந்தின மாதம், ஒரே ஆள் பாடிய இரண்டு பாட்டை இரண்டு பேர் பாடியது என்று கடைசிவரை சாதித்தேன். பெயரைச் சொன்னதும் மூக்குடைந்து வந்தேன். ஆஹாக்காரர் கீழே வரை வந்து, ‘விடுங்கம்மா, எங்களுக்கெல்லாம் மூக்கே இல்லை’ என்று தேற்றிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மகள் மூலம் தெரிந்தால் நன்றாக இருக்காது. உங்கள் அறையில் தூசி தட்டப் போனேன். தட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். இப்போது மாலையில் வேலை முடிந்து வந்ததும் உங்கள் கேசட்டுகளில் ஒன்றைப் போட்டுக் கேட்கிறேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன், பயப்படாதீர்கள். ‘நீயும் அப்பா மாதிரியே தொடையில தாளம் போடறேம்மா, அதுவும் தப்புத்தப்பா’ என்கிறாள் உங்கள் மகள். நீங்கள் அந்த அறையில் கேட்கும்போது கதவைச் சாத்திக்கொள்வீர்கள். சமையலறைக்கு ஏதோ ஒரு இரைச்சல்தான் வந்து சேரும். உள்ளே இத்தனை இருந்தது எனக்குத் தெரியாது.

கோபம் ஆறியதும் எழுதுங்கள். கருத்துக் கடிதத்தையும் மறக்காமல் அனுப்புங்கள், ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன்.

உங்கள் மனைவி.

*

அன்புள்ள உங்களுக்கு,

பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மகள் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடினாள். எனக்கும் சந்தோஷம்தான். வீட்டில் ஆண் குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, டேப் ரெக்கார்டரில் கேட்பதைத் தவிர.

செய்தியைக் கூட்டத்திலும் சொன்னேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் எல்லோரும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்கள். நான்தான் தலைவரிடம் கேட்டேன், இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டால் நாங்கள் இரண்டு பேருமே வரலாமே என்று. அவர் நெளிந்தார். வீட்டுக்கு ஒருவர்தான் உறுப்பினர் என்று விதி இருக்கிறது என்றார். அந்த விதி எனக்குத் தெரியும். நம் மகள் நடை பழகிய வருடம், நானும் ஒரு நாள் உங்களோடு வரட்டுமா என்று கேட்டேன். நினைவிருக்கிறதா? ‘வீட்டுக்கு ஒருத்தர்னு விதி இருக்கு, நான் என்ன பண்றது’ என்று சொன்னீர்கள். விதி என்றால் விதிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

யார் இப்படி ஒரு விதியைப் போட்டது என்று கேட்டேன். தலைவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் கொண்டுவந்தீர்களாம். ‘ரெண்டு பேரா வந்தா அது கேக்கிற எடமா இருக்காது, குடும்பமா ஆயிடும்’ என்று சொன்னீர்களாம். எப்போது என்றும் கேட்டேன். அதே வருடம், நான் உங்களிடம் கேட்டதற்கு அடுத்த மாதம். நான் கேட்டபோது அந்த விதி இல்லை. நான் கேட்ட பிறகுதான் அது பிறந்திருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. அங்கே அழவில்லை, படியிறங்கி வந்து கடை வாசலில் மூக்குக்கண்ணாடிகளைப் பார்ப்பது மாதிரி நின்றேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். அதில் இருந்ததை இப்போது சொல்ல மாட்டேன், அவ்வளவும் கேட்டால் நீங்கள் பாலத்திலேயே தங்கிவிடுவீர்கள்.

இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது. யோசித்துப் பார்த்தால் உங்களைப் புரியாமலும் இல்லை. வேலையில் நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டுகிறீர்கள், வீட்டுக்கு வந்தால் நாங்கள். யாரும் எதுவும் கேட்காத இடம் ஒன்று உங்களுக்கு வேண்டியிருந்தது. இது எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், அந்த மாடியில் உட்கார்ந்திருக்கும்போது நான் யாருக்கும் டோக்கன் கொடுப்பதில்லை. யாருடைய பல்வலியும் என் வலி இல்லை. அடுத்து என்ன சமைப்பது என்ற நினைப்பே வருவதில்லை. அந்த இடம் உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எனக்கும் வேண்டியிருக்கிறது. அதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம், விதியைக் காட்டியிருக்க வேண்டாம்.

அவர்கள் எல்லோரும் விதியை எடுத்துவிடத் தயார்தான். ஆனால் கொண்டுவந்தவர் ஊரில் இல்லாதபோது எடுப்பது முறையில்லை என்கிறார் தலைவர். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதுமாம். இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. லென்ஸ் அலமாரியைச் சுவரோடு நகர்த்தினால் பத்தாவது நாற்காலி தாராளமாகப் பிடிக்கும் என்று தலைவர் நாடா வைத்து அளந்தே பார்த்துவிட்டார். ஆஹாக்காரரோ கொஞ்சம் இளைத்துக்கொள்கிறேன் என்கிறார், அதை நான் நம்பவில்லை.

உங்கள் நாற்காலியை நான் கேட்கவில்லை. அது உங்களுடையது, நீங்கள் வந்ததும் எழுந்துவிடுவேன். அதற்குப் பக்கத்தில் ஒன்று கேட்கிறேன். அங்கே நான் உங்கள் மனைவியாக இருக்க மாட்டேன். குழாயைப் பற்றிப் பேச மாட்டேன், மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பேச மாட்டேன். நீங்கள் கம்பீரம் என்றால், எரிச்சல் என்று மட்டும் சொல்வேன். அதுவும் எனக்கு அப்படித் தோன்றினால்தான்.

அந்த ஒரு வரியைத் தலைவருக்கே எழுதிவிடுங்கள். என் வழியாக வேண்டாம். இந்தக் கருத்தை நான் படித்துக்காட்ட விரும்பவில்லை.

தூசியில் இருமல் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அலட்சியமாக விடாதீர்கள். மருந்து வாங்கிச் சாப்பிட்டு, நன்றாகக் குணமாகி, பத்திரமாக வந்து சேருங்கள். ஆலாபனை நடுவில் நீங்கள் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மனைவி.