ஒன்பதாயிரம் ஆட்டமும் ஒரு வரப்பும்

அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று குடவாசல் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, சார்ஜ் ஏறாத என் செல்போனின் ஓட்டையில் வாயை வைத்துப் புஸ்ஸென்று ஊதினேன். நீங்கள் பழக்கிவிட்டதுதான். டிவியில் ஆட்டம் வராமல் கோடு கோடாக ஓடினால் வீடியோ கேம் கேசட்டைப் பிடுங்கி ஊதிச் செருகுவீர்கள். அடுப்பு ஊதிப் பழகிய உங்களுக்கு அது ஒரு வேலையே இல்லை.

அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கியது நான். மிக்சி ஜாருக்கு வாஷர் வாங்கப் போனவள், பாய் கடை டிவிக்குள் டாங்கிகள் சுட்டுக்கொள்வதைப் பார்த்து நின்றுவிட்டேன். "பிள்ளைங்களுக்காம்மா?" என்றார் பாய். ஆமாம் என்றேன். எனக்கு இருந்ததே ஒரு மகள், அவளும் ஹாஸ்டலில். அட்டையில் 9999 ஆட்டம் என்று போட்டிருந்தது. வீட்டில் எண்ணிப் பார்த்தால் எட்டு. மிச்சமெல்லாம் அதே ஆளுக்கு வேறு சட்டை. வாஷரை மறந்து வந்ததற்கு ஒரு வாரம் அம்மியில் அரைத்தேன்.

பெட்டியோடு, பொத்தான் அழுத்தி ஆட இரண்டு கைப்பிடி கொடுத்திருந்தார். அங்கேதான் சிக்கல். நம் வீட்டுக்காரர்கள் கூடப்பிறந்தவர்கள், ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. வயலுக்கு நடுவில் இருக்கும் வரப்பை அண்ணன் மண்வெட்டியால் செதுக்கிச் செதுக்கி நகர்த்துகிறார் என்று இவர். தம்பிதான் நகர்த்துகிறான் என்று மூத்தவர். குறுவை அறுத்ததும் கோர்ட் என்று ஆளுக்கொரு வக்கீல் பார்த்துவைத்திருந்தார்கள். கேஸ் ஏறிவிட்டால் நீங்களும் நானும் ஒருத்தி வாசலை ஒருத்தி மிதிக்க முடியாது. அது தெரிந்தும் கொல்லைப்பக்கமாக வந்து, "ஒண்ணு சும்மா கெடக்குதுக்கா" என்று நீட்டினேன். நீங்கள் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "சுடுறது எந்தப் பொத்தான்டி?"

பெட்டியும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து கரண்ட் இருக்கிற மத்தியானமெல்லாம் உங்கள் வீட்டு இலவச டிவி நமக்குத்தான்.

ஒரு நாள் வாய்க்காலில் முறைத்தண்ணீர் எங்களுடையது. வயல் நிறைந்ததும் மடையை அடைக்கச் சொல்லிவிட்டு இவர் உரம் வாங்கப் போயிருந்தார். பாதி நிறைந்திருக்கும், கொல்லையிலிருந்து கையை ஆட்டினீர்கள். கரண்ட் வந்துவிட்டதாம். ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் வந்தேன். நம் கோட்டையைச் சுற்றி இருந்த செங்கல் சுவரை எதிரி டாங்கி உடைக்காமல் காப்பாற்ற வேண்டும். "அந்தப் பக்கம் ஒடைக்கிறான் புடிடி" என்று நீங்கள் கத்த, நான் பிடிக்க, ஒரு செங்கல்கூட விழவில்லை.

வயலில் வரப்பு போய்விட்டது. நிரம்பிய தண்ணீர் பத்தடி நீளத்துக்கு அதைக் கரைத்துக்கொண்டு உங்கள் பக்கம் இறங்கியிருந்தது. நட்டு மூன்று நாளான பயிர் மிதந்தது.

இரண்டு ஆண்களும் வந்து நின்றார்கள். மடையை விட்டுவிட்டு யார் போனது என்று இவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நாந்தான் கூப்பிட்டேன் தம்பி. தலை சுத்திப் படுத்துட்டேன். அவதான் தண்ணி குடுத்தா."

இவர் என்னைப் பார்த்தார், மூத்தவர் உங்களைப் பார்த்தார். பிறகு சண்டை போட்ட வரப்பைத் தேடினார்கள். அது இல்லை. பயிர் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் மண்ணை வெட்டிப் போட்டார், தம்பி மிதித்தார். "அந்தாண்ட இன்னொரு வெட்டு வேணும்டா" என்றார் மூத்தவர். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு அது. புது வரப்பு யார் பக்கம் தள்ளிப்போனது என்று இன்றுவரை ஒருவரும் அளக்கவில்லை. வக்கீல்களும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மூத்தவர் கேசட்டை என்னிடம் கொடுத்தார். உங்கள் கைப்பிடியைத் தரவில்லை. கேசட் என் பீரோவில் பட்டுப்புடவைக்குள் இருக்கிறது. தலைசுற்றலே வராத உங்களுக்கு அன்று வந்த தலைசுற்றல் பொய் என்று நான் இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைத் திறந்து பார்த்தார். உள்ளே எச்சில் இறங்கியிருக்கிறது, இனி தேறாது என்றார். யார் ஊதியது என்று கேட்டார். என் ஓரகத்தி என்று சொல்லியிருக்கிறேன்.