தாண்டிப் படித்த வரி

சின்ன காஞ்சிபுரம்
19.11.2005

சிரஞ்சீவி ஸ்ரீவர்தனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே உன் அம்மா க்ஷேமம், உன் தங்கை ஸிந்துஜா க்ஷேமம், நான் மட்டும் கோபமாக இருக்கிறேன். நொய்டாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கோ என்று அம்மா சொன்னாள், எழுதிவிட்டேன். இனி என் பேச்சு.

தீபாவளிக்கு நீ வந்து போன நாலாம் நாள் ஸிந்துவின் தபால் வழி ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் வந்தன. இந்த வருஷம் புத்தகம் கிடையாது, எல்லாம் ஒரே சிடியில். பார்வை இல்லாத பெண் காதால் படிக்கட்டும் என்று நீ போட்டுக் கொடுத்த பேசும் சாஃப்ட்வேர் இருக்கிறதே, இனி யாரையும் படித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம் என்று காபியைக்கூட ஆற விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அது எம்ப்டி என்றது. அடுத்த பக்கமும் எம்ப்டி. முதல் பாடத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அப்படியே. அப்பா, நான் ஏதாவது தப்பாத் தட்டிட்டேனா பாருங்கோ என்று பயந்துபோனாள். பார்த்தேன், எனக்கு எல்லா எழுத்தும் தெரிந்தது. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சிட்டிபாபு வந்து பார்த்து, இது எல்லாம் போட்டோ சார், உள்ள எழுத்தே இல்ல, மெஷினு எதைப் படிக்கும் சொல்லுங்க என்றான்.

வேறு வழியில்லாமல் நானே படித்துக் காட்டுகிறேன். கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சொன்ன வாய், எனக்குத் தெரிந்தது சந்தை முறைதான், நான் ஒரு தடவை சொன்னால் அவள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வாள். இப்படியே குழந்தை மனவியல் நாற்பது பக்கம் உருவேற்றினோம். அதில் ஒரு படம், இடது பக்கம் வயது, வலது பக்கம் அந்த வயதின் குணம், நடுவே கோடுகள். கோடுகள் குறுக்கே போவதைக் கவனிக்காமல் நேருக்கு நேர் படித்துவிட்டேன். அவளும் அப்படியே மனப்பாடம் செய்து, அவள் தற்காலிகமாக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மேரி டீச்சர் வைத்த மாதிரிப் பரீட்சையில் ஐந்து கேள்வியும் தப்பு. சந்தையில் ஏறியது லேசில் இறங்காது, திருத்திச் சொன்னாலும் பழையதே வாயில் வருகிறது. நேற்று அழுதுவிட்டாள். டிசம்பர் பன்னிரண்டு பரீட்சை. இதில் பாஸ் செய்தால்தான் அந்தப் பள்ளிக்கூட வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஜூனில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். உனக்குத் தெரியாததா?

தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சிடி உறையின் பின்னால், தயாரித்தவர்கள் என்று பொடி எழுத்தில் உன் கம்பெனி பெயர் இருக்கிறது. கல்வியியல் பாடம் முழுக்க ஒன்பதே நாளில் முடித்தேன், மேலதிகாரி கைகுலுக்கினார் என்று முறுக்கைக் கடித்துக்கொண்டு சொன்னாயே, அதே பாடம். அம்மாவும் ஸிந்துவும் அப்போது பெருமாள் சேவிக்கப் போயிருந்தார்கள். ஸிந்து மாதிரி இருக்கிறவர்களும் இதைப் படிக்க முடியுமா என்று நான் கேட்டேன். அதெல்லாம் யாரும் கேக்கலைப்பா, கேட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் இழுத்திருக்கும், அப்படியே ஸ்கேன் பண்ணித் தள்ளியாச்சு என்றாய். நானும் ஒரு மரமண்டை, எந்தப் பாடம் என்று சொல்லாமல் அந்த ஒன்பது நாளை மட்டும் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரடா கேட்க வேண்டும்? பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பாடம் படித்துக் காட்டியவன் நீ. கேட்காமலே தெரிந்த ஆள் அந்தக் கம்பெனியில் நீ ஒருவன்தானே? வெட்கமாக இல்லை?

சால்ஜாப்பு எழுதாதே. லீவு போட்டாவது எல்லாப் பாடத்தையும் எழுத்தாக மாற்றி, எந்தக் கோடு எதில் போய்ச் சேர்கிறது என்பதையும் வாக்கியமாக எழுதி, ஒன்றாம் தேதிக்குள் அனுப்பு. அனுப்பும் முன் திரையை அணைத்துவிட்டு நீ ஒரு பாடம் படித்துப் பார். இதே சிடி இன்னும் எத்தனை ஸிந்துவுக்குப் போயிருக்கிறதோ, உன் மேலதிகாரியிடமும் வாயைத் திறந்து சொல்.

பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், இரண்டையும் மனதாரத்தான் சொல்கிறேன். இன்னொன்று. சிடி உறையை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லி ஸிந்து கேட்டாள். படித்தேன், உன் கம்பெனி பெயர் இருந்த வரியை மட்டும் தாண்டிவிட்டேன். அண்ணா இங்க இருந்திருந்தா இதைச் சரி பண்ணிக் குடுத்திருப்பான் என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வரியை நீயே அவளுக்குப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸௌந்தரராஜன்