நாலாவது வரிசை

3.2.25, திங்கள்
பேத்தி இளமதிக்குத் தோட்டக்கலைப் படிப்பில் கடைசி வருடம். காலேஜில் ஆராய்ச்சி செய்யச் சொன்னார்களாம். கிணற்றடியில் நாலு வரிசை வெண்டை விதைத்திருக்கிறாள். மூன்று வரிசைக்கு மூன்று வித உரம். நாலாவதற்கு வெறும் தண்ணீர்.

"அது இன்னாடி பாவம் பண்ணுச்சு?"

"அது கண்ட்ரோல், ஆயா. அத்த வெச்சித்தான் உரம் போட்டது எவ்ளோ வளந்துச்சுன்னு தெரியும். நீ கை வெச்சே, என் மார்க்கு பூடும்."

நான் ஏன் கை வைக்கப்போகிறேன்?

21.2.25
பக்கத்து வீட்டு அம்முலுவிடம், என் பேத்தி செடிக்கெல்லாம் டாக்டர் என்றேன். "அப்போ இந்த வரிசைய மட்டும் ஏன் காயப்போட்டுக்கினு கீறா உன் டாக்டரு?" என்கிறாள். வாயாடி.

24.2.25
நாலாவது வரிசை சவலைப் பிள்ளை மாதிரி நிற்கிறது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு ஒரு இலைக்கு மட்டும் சோறு போடாமல் போவார்களா? எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

இளமதி பஸ் ஏறியதும் சாணியைக் கரைத்து ஊற்றினேன். ஒரே ஒரு வாளி.

25.2.25
இன்னும் ஒரு வாளி.

16.3.25, ஞாயிறு
இளமதி டேப் வைத்து அளந்தாள். நாலு வரிசையும் ஒரே உயரம். மறுபடி அளந்தாள். "உரமே வேலை செய்யலியா? இன்னான்னு எழுதுவேன் நானு?" சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மருமகள் சசிரேகா, கடைக்காரன் போலி உரம் கொடுத்துவிட்டான், விடிந்ததும் போய் அவன் சட்டையைப் பிடிப்பேன் என்கிறாள்.

எனக்கும் சோறு இறங்கவில்லை.

17.3.25
சசிரேகா செருப்பை மாட்டிவிட்டாள். அந்த ஆள் என்ன செய்வான், பாவம் — சொல்லிவிட்டேன்.

"எத்தினி வாட்டி ஊத்தினே ஆயா?"

"தெனமுந்தான்."

இளமதி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அப்புறம் வாத்தியாருக்குப் போன். மே மாதத்துக்குள் புதிதாகச் செய்து முடித்தால் மார்க்கு உண்டாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் புது இடம் பார்த்தாயிற்று.

"இந்த வாட்டி நீதான் காவல். உன்ன மீறி எவனும் உள்ள வரமாட்டான். நீ போவாம இருந்தா போதும்."

11.5.25, ஞாயிறு
அம்முலு ஒரு குடம் கழனித்தண்ணியோடு வந்தாள். "பாவம்க்கா, இது மட்டும் குள்ளமா கீது. கொஞ்சம் ஊத்தட்டா?"

"கிட்ட வந்தே, கால ஒடைப்பேன். அது கண்ட்ரோலு!"

மூன்று வரிசை என் இடுப்புக்கு வந்துவிட்டது. நாலாவது முழங்காலைத் தாண்டவில்லை. இளமதி அளந்துவிட்டுக் குதிக்கிறாள்.

மத்தியானச் சோற்றை நாலாவது வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தின்றேன்.