மாமிக்கு வருகிற சூடு

1964 யூன் 8, திங்கள்

கச்சான் காற்று. காலையிலேயே முகத்தில் அனல். ஐஸ் பக்டரியில் கொம்பிரசர் திரும்பவும் சூடாகி நின்றுவிட்டது. பெல்ட் மாற்ற வேண்டும். ஸ்டோர்காரன் கையை விரிக்கிறான். ஏசினேன்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு. அந்த வெக்கையில் யன்னல் எல்லாம் பூட்டு. மாமி குசினிச் சுவரில் சாய்ந்தபடி. முகம், கழுத்து எல்லாம் சிவந்து, தலையில் தண்ணீர் ஊற்றியது போல் வேர்வை. என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால். மருமகன் முன்னால் நிற்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார்.

பெரியமாமி, மாமியின் தமக்கை. என் பெண்சாதி சரோவின் செத்தவீட்டுக்கு மூதூரில் இருந்து வந்தவர் இன்னும் போகவில்லை. காதுக்குள் வந்து சொல்கிறார்:

"தம்பி, இது காய்ச்சல் இல்லை. உச்சிவேளையிலைதான் வருது. பிள்ளைப்பேத்திலை செத்தவள் கொத்திப்பேயாகித் தாயைத்தான் தேடி வருவாள். சரோதான் வந்து நிக்கிறாள்."

யன்னல் பூட்டியதும் அதற்குத்தானாம். என் பெண்சாதி உள்ளே வரக்கூடாதாம். அவள் பேரில் சீதனமாக எழுதிய வீடு. அவள் வீட்டுக்குள் அவள் வரக்கூடாதாம்.

சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

9 செவ்வாய்

பெல்ட் கிடைத்தது. அளவு பிழை.

வீட்டில் எல்லாம் முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கட்டைபறிச்சானில் இருந்து மந்திரிக்கிறவர் லோஞ்சுப் படகில் வருகிறார். மிளகாய்ப் புகை. பிரம்பு. வந்திருக்கிறவள் பேரைச் சொல்லி, போகிறேன் என்று சத்தியம் பண்ணும்வரை அடி.

"அடி மாமிக்குத்தானே விழும்?"

"அவளுக்கு நோகாது தம்பி. உள்ளுக்கை நிக்கிறவளுக்குத்தான் நோகும்."

சரோவுக்கு நோகுமாம். வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்கிறார் பெரியமாமி. கதிரையை உதைத்தேன். பெருவிரல் வீக்கம்.

அவளும் பிள்ளையும் போனதில் இருந்து ஒன்றும் உறைக்கவில்லை. அழுகையும் இல்லை. கோபம் மட்டும் ஓடுகிறது, சுவிச் நிப்பாட்டிய பிறகும் சுற்றுகிற மோட்டார் மாதிரி.

10 புதன்

அரைநாள் லீவு. ஓர்ஸ் ஹில்லில் மிஸி வீட்டுக்கு. பிரசவ வார்ட்டில் சரோவைக் கடைசியாகப் பார்த்த தாதி. அவர் முகத்தில் முழிப்பதில்லை என்றிருந்தேன். வேறு யாரிடம் போவது?

வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு, மாமியின் வேர்வையைச் சொன்னேன்.

"மாமிக்கு என்ன வயது?"

"நாப்பத்தொன்பது."

"மாதச் சுகவீனம் நிண்டிட்டுதோ?"

"எனக்கெப்பிடித் தெரியும் மிஸி!"

"கத்தாதேங்கோ. நிக்கிற காலம்தான். எனக்கும் வருது. வார்ட்டிலை டொக்டர் கதைக்கேக்கை குப்பெண்டு சிவந்துபோகும். அந்த மனிசன் தன்னைப் பாத்துத்தான் வெக்கப்படுறன் எண்டு நினைச்சு, இப்ப தலைக்கு மினுக்கெண்ணெய் பூசிக்கொண்டு வாறார்."

சொல்லும்போதே அவருக்கும் வேர்த்தது. பேப்பரால் விசிறினார். நான் சிரித்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

சொன்னது: வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், வெறுவயிற்றில். மோர். உழுத்தங்களி, எள்ளு. தேத்தண்ணி, மிளகு, உறைப்பு குறைக்க. மெல்லிய பருத்திச் சேலை. ஈரத்துணி பிடரியில். யன்னல் திறக்க. பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடை.

"சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேளாது. சில வேளை வருசக்கணக்கா இழுக்கும். நிண்டபிறகு திரும்ப ரத்தம் போனால் மட்டும் உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ."

பிறகு சரோவின் பேரை எடுத்தார். நான் படி இறங்கிவிட்டேன்.

11 வியாழன்

வெந்தயத்தை வைக்கக் குசினியில் இடம் தேடினால், சுவர்த் தட்டில் ஒரு பிஸ்கட் தகரப் பேணி. திறந்ததும் மணம் மூக்கில் அடித்தது. பிள்ளைப்பேற்றுச் சரக்கு. மிளகு, திப்பிலி, வேர்க்கொம்பு, மஞ்சள். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று, சரோவுக்காக மாமி முன்கூட்டியே இடித்து வைத்தது. பேணியில் அடிமட்டம்தான் மிச்சம்.

"ஆர் மாமி இதைச் சாப்பிட்டது?"

கதவுக்குப் பின்னால் இருந்து: "நான்தான் தம்பி. மத்தியானக் கறிக்குள்ளை போடுறனான். அவளுக்கெண்டு இடிச்சது. எறிய மனம் ஏலாமல் கிடக்கு."

ஏற்கெனவே கொதிக்கிற உடம்பு. கச்சான் வெயில். பூட்டிய யன்னல். அதற்குமேல் இந்தச் சரக்கு. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மிஸி சொன்னதை முழுக்கச் சொன்னேன். மாமியிடம் மருமகன் சொல்கிற கதையா இது!

கதவுக்குப் பின்னால் இருந்து:

"அப்ப அது அவள் இல்லையோ?"

"இல்லை மாமி."

"எண்டாலும் அந்த மந்திரிக்கிற ஆள் வரட்டும் தம்பி. அவள் பேயா எண்டாலும் வரட்டுமே. ஒருக்கா அவளின்ரை குரலைக் கேட்டால் எனக்குக் காணும்."

அடி வாங்கியாவது கேட்க வேண்டுமாம். இந்த மனுசியை என்ன செய்வது?

12 வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. கேற்றடியில் நின்றேன்.

மந்திரிக்கிறவர் உச்சிவேளைக்கு முன்னமே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் பிரம்பு. "ஒரு அடி விழுந்தாலும் நீங்கள் முழுசாப் போகமாட்டியள்" என்றேன். பெரியமாமி பின்னால் இருந்து ஒப்பாரி.

மாமி வெளியே வந்தார். என் முன்னால், மறையாமல். தலையை விரித்துக்கொண்டு விறாந்தையில் பாயில் இருந்தார். "விடுங்கோ தம்பி."

விட்டேன்.

புகை. இருமல். கொஞ்ச நேரத்தில் மாமியின் கழுத்தில் இருந்து சிவப்பு ஏறத் தொடங்கியது. அந்தாள் பிரம்பை ஓங்கினார்.

"ஆரடி நீ? பேரைச் சொல்லு!"

"சொல்லடி சரோ, சொல்லு!" பெரியமாமி.

ஓங்கிய கையை நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் பார்த்தது மாமியின் வாயைத்தான். ஓம், நானும். தேர்மோமீற்றரும் பிறெஷர் கேஜும் படித்த நானும். சரோ என்று சொல்லிவிடமாட்டாரா என்று.

மாமி கண்ணை மூடியபடி இருந்தார். முகமெல்லாம் வேர்வை ஓடியது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"ஐயா, நான் பூமணி. சரோவின்ரை தாய். உள்ளுக்கை வேறை ஒருத்தரும் இல்லை. எனக்கு வயது போகுது, அவ்வளவுதான்."

தலையை முடிந்துகொண்டு எழும்பிப் போய், யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

பெரியமாமி அதே லோஞ்சில் மூதூருக்கு. கேற்றடியில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னார்: "வந்தவளை மாமியும் மருமோனும் சேந்து திரத்திப் போட்டுதுகள்!"

அது மட்டும் உறைத்தது.

13 சனி

காற்று இன்னும் கூட. விறாந்தை முழுக்க மணல்.

காலையில் மாமி வெந்தயத் தண்ணீர் குடித்தார். கைப்பு என்றார். மத்தியானம் சோறு, மோர், கீரை.

பிறகும் அந்தச் சூடு வந்தது. விறாந்தைக்கு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "வந்திட்டுது" என்றார், மழை வந்ததைச் சொல்வது போல. ஈரத்துணி பிடரியில்.

"அவள் வரேல்லை, என்ன தம்பி?"

"இல்லை மாமி."

விசிறியை எடுத்து விசிறினேன். வேகமாக. பலமாக.

"காணும் தம்பி, கை உளையப்போகுது."

நிப்பாட்டவில்லை.