சாமிக்கு எடுத்து வைத்த டம்ளர்

23.11.78, வியாழன், இரவு.

கோயில் சிற்பங்களை ஆராய வந்து, என்னிடம் தமிழ் படித்த ரெமி நாளை பிரான்சுக்குத் திரும்புகிறார். விடைபெற வந்தவர் தம் ஊர்ச் சிவப்பு ஒயின் ஒரு புட்டி கொடுத்தார். மூன்று வகைத் திராட்சையைக் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்திருந்ததாம். மதுவிலக்கு நினைவு வந்ததும் பயந்துபோய், மனைவி விசாலத்திடம் திராட்சைச் சாறு என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பினாள். தண்ணீர், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துப் பானகம்போல் ஆற்றிக் கொண்டுவந்தாள்.

ரெமி ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார். "அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"உங்க ஊர்ச் சாறு ஒரே புளிச்ச வாடை தம்பி. ஏலக்காய் தட்டிப் போடணும்னு உங்க அம்மாட்டச் சொல்லுங்க."

"கட்டாயம் சொல்றேங்க்கா." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நல்ல மனிதர்.

அவர் போன பிறகு விசாலம் சொன்னாள்: "கலக்குறதுக்கு முந்தியே சாமிக்கு ஒரு டம்ளர் எடுத்து வச்சிட்டேங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, படைச்சிருவோம்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் தூங்கியதும் டம்ளரை எடுத்துக்கொண்டு, கொட்டிவிடத்தான் கிணற்றடிக்குப் போனேன். நனைந்த மரக்கட்டையும் கனிந்த நாவற்பழமும் கலந்தாற்போல் ஒரு மணம். குடித்துவிட்டேன்.

நான் பார்த்தேயிராத ஒரு காட்டில் மெல்ல மழை பெய்துகொண்டிருக்கிறது. மரங்கள் எனக்கு வழி விடுகின்றன. இத்தனை வயதில் முதன்முறையாக எதற்கும் பயமில்லை. விடிந்தால் இது இருக்காது.

பேனாவை வைக்கிறேன். அவளை எழுப்பப் போகிறேன்.