பூனையும் ஆப்பிளும் சப்மெர்சிபிள் மோட்டாரும்

17 ஜூலை 2023

நாற்பத்தாறு வயதில் பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்று இன்று கம்பெனியில் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

ஏற்றுமதி மேனேஜர் கிருபாசங்கர் சார், செனகல் நாட்டு டீலர் மூசா அனுப்பிய மெயிலைக் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துப் படித்தார். "உங்கள் பம்ப் மணலைக் குடித்து மயங்கி விழுகிறது" என்று வந்தது. சிரித்து முடித்த பிறகு சார் சொன்னார்: "அங்க ஒரு சர்வீஸ் சென்டர் போடப் போறோமுங்க. பிரெஞ்சு தெரிஞ்ச ஆள் ஒருத்தரு ஒரு வருசம் அங்கயே இருக்கோணும். இன்னும் ரெண்டு வருசம் டைம் இருக்குது." சொல்லிவிட்டுச் சுரேந்தரைப் பார்த்தார். சுரேந்தர் எஞ்சினியர், காலேஜிலேயே பிரெஞ்சு எடுத்துப் படித்தவன். நான் ஐடிஐ. வைண்டிங் சுற்றிச் சுற்றி சர்வீஸ் சூப்பர்வைசர் ஆனவன்.

"நானும் படிக்கிறேனுங்க சார்" என்றது என் வாய். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களை விடச் சத்தமாக நான் சிரித்தேன். அது எதுக்கு?

இருபத்திரண்டு வருடமாகப் பம்ப் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பவன் நான். அதை டீலரிடம் போய்ச் சொல்லி, கை குலுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு வருபவர் வேறு யாராவது. ஒரு தடவையாவது நானே போய், நானே என் வாயால் சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னால் இன்னொரு முறை சிரிப்பார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

18 ஜூலை 2023

கணபதி பஸ் ஸ்டாப் கடையில் பிரெஞ்சுக்கென்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் பெயர் எழுதியாயிற்று: தமிழ்ச்செல்வன். பிரெஞ்சு படிக்க வந்தவனுக்கு அமைந்த பெயரைப் பாருங்கள்.

2 செப்டம்பர் 2023

போனில் இறக்கிய ஆப்பில் ஆறு வாரமாக ஒரு பூனை ஆப்பிள் தின்கிறது. சில நாள் பூனை ஆப்பிளைப் பார்க்கிறது. நேற்று முதல் முறையாகப் பூனை கறுப்பு என்று தெரியவந்தது. இந்தக் கறுப்புப் பூனையை எந்தக் கிணற்றில் இறக்கி எந்த பம்பை ரிப்பேர் செய்வது?

30 அக்டோபர் 2023

இவர்களுடைய 'ர' தொண்டைக்கு அடியிலிருந்து வருகிறது. காலையில் பல் விளக்கும்போது பழகினேன். என் மனைவி அன்புக்கரசி, ரேஷன் கடைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, சளி ரொம்பப் புடிச்சுப்போட்டதுங்களா? கசாயம் வெச்சுத் தரட்டுங்களா?"

"பிரெஞ்சு அம்மணி இது."

"அதுக்கும் கசாயம் கேக்குமுங்க."

14 டிசம்பர் 2023

இன்று செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பழைய மோட்டார் ஒன்றுக்கு நானே வைண்டிங் சுற்ற உட்கார்ந்தேன். காயிலுக்கு எழுபத்தாறு சுற்று கம்பி. சும்மா எண்ணுவானேன், பிரெஞ்சில் எண்ணிப் பழகலாமே என்று புத்தி போயிற்று. அறுபத்தொன்பது வரை ராஜா மாதிரி வந்தேன். அந்த ஊரில் எழுபது என்று ஒன்று கிடையாது, அறுபது-பத்து என்றுதான் சொல்ல வேண்டும். நானும் அறுபது-பத்து என்றேன். உடனே வாய் அறுபதைப் பிடித்துக்கொண்டு அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று திரும்பப் போய்விட்டது. ஒவ்வொரு காயிலிலும் பத்துச் சுற்று கூடுதல். ஸ்லாட்டில் கம்பி அடங்கவே இல்லை. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், பிதுங்கிக்கொண்டு நிற்கிறது.

சுரேந்தர் வந்து எட்டிப் பார்த்தான். "என்னங்ணா, கை மறந்துபோச்சுங்களா?"

"ஆமாங் கண்ணு, வயசாகுதல்ல" என்று சொல்லிவிட்டேன். பிரெஞ்சில் எண்ணினேன் என்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

15 டிசம்பர் 2023

அத்தனையையும் பிரித்துத் தமிழில் சுற்றினேன்.

9 ஜூன் 2024

இணையத்தில் இலவசத் தேர்வு. முதல் படி ஏ1 தாண்டி இரண்டாம் படி ஏ2 என்று வந்திருக்கிறது. பூனையிலிருந்து குடும்பம், சந்தை, பஸ், காய்ச்சல் வரை வந்துவிட்டேன். அன்புக்கரசியிடம் காட்டினேன். "இன்னும் மேல எத்தனை இருக்குதுங்க?" என்றாள். நாலு என்றேன். தட்டில் இன்னொரு தோசை போட்டாள்.

21 ஆகஸ்ட் 2024

மூசாவின் வாய்ஸ் மெசேஜை கிருபாசங்கர் சார் எனக்கும் அனுப்பினார். இரண்டு நிமிடம். பதினோரு முறை கேட்டேன். முதலில் வரும் வணக்கம் புரிகிறது, கடைசியில் வரும் நன்றி புரிகிறது. நடுவில் ஒரு லாரி கல் கொட்டுகிறது. ஒரு வருசம் படிச்சவனுக்கு இதானா? நோட்டுல எழுதினதெல்லாம் யாருக்காக எழுதினேன்?

22 ஆகஸ்ட் 2024

பன்னிரண்டாவது தடவை கேட்டேன். "பம்ப்" கேட்டது. பிறகு "மணல்" கேட்டது.

5 அக்டோபர் 2024

காலையில் பஸ்ஸில் பிரெஞ்சு ரேடியோ. செய்தி வாசிப்பவர் மூச்சு விடும் இடங்கள் எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். இன்று ஒரு வானிலை அறிக்கை முழுதாகப் புரிந்தது. எந்த ஊரிலோ மழை. காந்திபுரத்தில் இறங்க மறந்துபோனேன்.

20 ஜனவரி 2025

சார் முடிவாகச் சொல்லிவிட்டார். "பி1 சர்டிபிகேட் கொண்டாங்க தமிழு. உங்க கை வேலை எனக்குத் தெரியும். ஆனா மேல காட்டறதுக்கு ஒரு பேப்பர் வேணுமுங்க." சுரேந்தரிடம் அந்தப் பேப்பர் ஏற்கனவே இருக்கிறது. பரீட்சைக்குப் பதிவு செய்துவிட்டேன்.

15 மார்ச் 2025

பரீட்சை முடிந்தது. கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் ஒரு மாதிரி ஒப்பேற்றினேன். பேசுவது இருக்கிறதே.

எதிரே ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் அன்புக்கரசியிடம் ஆரம்பித்து, அவள் அம்மா, என் அம்மா, அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் வந்தேன். என்னிடம் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அடுத்தது நாடகம். நான் வாங்கிய போன் கெட்டுப்போய்விட்டது. அந்த அம்மா கடைக்காரர். நான் சண்டை போட்டு மாற்றி வாங்க வேண்டும். போய் வணக்கம் சொன்னேன். நலமா என்றேன். சாப்பிட்டீர்களா என்றேன். இன்று கூட்டம் ஜாஸ்தியோ, உட்காரக்கூட நேரம் இருந்திருக்காதே என்றேன். அவர் மேசை மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கடுப்பாக, "மாற்றித் தர முடியாது ஐயா" என்றார். கடைக்காரராகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை முகம் வாடிப்போய்ச் சொல்லும்போது? "பரவாயில்லைங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சுத்தமான பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். நாலு நிமிடச் சண்டை ஒன்றரை நிமிடத்தில் சமாதானம்.

கடைசியாக, விடுமுறைக்கு மலையா கடலா என்று ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார். உங்கள் கருத்து என்ன என்றார். மலை என்பவர் சொல்வதும் சரி, கடல் என்பவர் சொல்வதும் சரிதான் என்றேன்.

28 ஏப்ரல் 2025

கேட்டல் 16. படித்தல் 21. எழுதுதல் 14.5. பேச்சு 4.5.

ஒவ்வொன்றிலும் இருபத்தைந்துக்கு ஐந்து மார்க்காவது வேண்டுமாம். மொத்தத்தில் பாஸ், பேச்சில் பெயில், அதனால் பெயில்.

அரை மார்க்கு. சண்டை போடத் தெரியாததுக்கு அரை மார்க்கு புடிச்சுக்கிட்டாங்க. நானென்ன ஊமையா? வாய் நெறயாப் பேசினேனே! தாராபுரத்துல எங்கம்மா மயிலாத்தா கடலைக்காய் புடுங்கப் போன காட்டுல, போன உடனே வேலையைப் பத்திப் பேசினா மரியாதை கெட்டவன்னு சொல்லுவாங்க. அப்படி வளந்தவன் நான். வேற எப்படிப் பேசறது?

20 மே 2025

பிரெஞ்சு நோட்டை மூன்று வாரமாகத் தொடவில்லை. இன்று அன்புக்கரசி அதை எடுத்து வந்து மடியில் போட்டாள். "ரெண்டு வருசமா என்ரகூடப் பேச வேண்டியதையெல்லாம் இதுகூடத்தான் பேசினீங்க. இப்ப அதுகூடவும் பேசலீன்னா ஊட்டுல யாருகூடப் பேசுவீங்க?"

கோபமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்.

8 ஜூலை 2025

மூசாவோடு வீடியோ கால். பம்புகள் ஒவ்வொன்றாக மணல் அடைத்து நின்றுபோகின்றன, ஏன் என்று தெரியவில்லை, இனி ஆர்டர் இல்லை என்று எழுதியிருந்தார். சுரேந்தர் பேசினான். அவன் பிரெஞ்சு கேட்கவே அழகு. எடுத்ததும், "சீரியல் நம்பர் சொல்லுங்கள்" என்றான். மூசா சொன்னார். எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்றான். "தெரியாது" என்றார். எவ்வளவு ஆழம்? "தெரியாது." அப்புறம் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

10 ஜூலை 2025

இன்று சார் என்னை உட்கார வைத்தார். "பேச வேண்டாமுங்க, டெக்னிக்கலா ஏதாச்சும் கேட்டா சுரேந்தருக்கு எடுத்துக் குடுங்க." சரிங்க என்றேன்.

திரையில் மூசா வந்தார். என் வயசுதான் இருக்கும். பின்னால் ஒரு முற்றம், சாக்கு மூட்டைகள். என் வாய் சும்மா இருக்கவில்லை. வணக்கம், நலமா, வீட்டில் எல்லோரும் நலமா என்றேன். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்தார். நலம், உங்கள் வீட்டில் நலமா, மனைவி நலமா, அவரைப் பெற்றவர்கள் நலமா என்று வரிசையாகக் கேட்டார். எனக்குக் குஷி பிடித்துவிட்டது. அம்மா நலமா என்றேன். முழங்கால் வலி என்றார். முழங்கால் வலிக்கு என்னிடம் மனப்பாடமாகப் பத்து வாக்கியம் இருக்கிறது! சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா? ரெண்டு மழைதான், கடலை விதைத்திருக்கிறோம் என்றார். கடலையா! அம்மா கடலைக்காட்டுக்குப் போனதைச் சொன்னேன். கிருபாசங்கர் சார் மேசைக்கு அடியில் வாட்ச்சைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம்.

பிறகு மூசா குரலைத் தாழ்த்தினார். மூன்று வருடமாகவே கோடையில் தண்ணீர் கீழே இறங்கிப்போகிறது, வேறு வழியில்லாமல் பம்பைக் கிணற்றின் தரை வரை இறக்கிவிட்டார்கள் என்றார். அதுதான் மணல் குடிக்கிறது. எங்கள் ஆள்களின் தப்பு, யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை என்றார்.

"எங்க ஊரிலும் பங்குனியில் இதையேதான் செய்வார்கள்" என்றேன். மூசா வாய் விட்டுச் சிரித்தார்.

கால் முடிந்ததும் சுரேந்தர் திரையை அணைத்தான். பிறகு, "அண்ணா, நீங்க பேசினதுல தப்பு நெறையா இருந்துச்சுங்க" என்றான். தெரியும் கண்ணு என்றேன். "ஆனா எங்கிட்ட அவரு அதைச் சொல்லவே மாட்டாருங்ணா." அவன் குரலில் வருத்தம் இருந்தது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், முழுசாக முடியவில்லை.

11 ஜூலை 2025

சார் கூப்பிட்டார். "மூசா மெயில் போட்டிருக்கறாருங்க. அவங்க அம்மாவை விசாரிச்ச ஆளை அனுப்புங்கன்னு. மேல காட்டற பேப்பருக்கு இந்த மெயிலே போதுமுங்க. பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

இல்லை. பிரெஞ்சு படித்தேனே ஒழிய, பாஸ்போர்ட் எடுக்கத் தோன்றவே இல்லை.

9 நவம்பர் 2025, கவோலாக், செனகல்

கடலை அறுவடை நடக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிணற்றடியில் இருக்க வேண்டும் என்று கிளம்பினேன். வழியில் மூசாவின் வீட்டில் தலை காட்டினேன். அவருடைய அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அன்புக்கரசி நலமா, கடையில் அவளுக்குக் கூட்டம் ஜாஸ்தியா, என் அம்மாவின் முழங்கால் எப்படி, அங்கே மழை உண்டா, நான் ராத்திரி என்ன சாப்பிட்டேன், ஏன் இளைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தார். பதில் சொன்னேன். அவர் முழங்கால் எப்படி என்று நான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு மறுபடி முதலிலிருந்து.

மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. முதல் முறையாக நான் வாட்ச்சைப் பார்த்தேன். மூசாவின் அம்மா அதைக் கவனித்துவிட்டார். "என்ன அவசரம் மகனே, பம்ப் எங்கே ஓடிப்போகிறது?" என்றார்.

மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நேரமும் ஒரு பிரெஞ்சு வார்த்தையைக்கூட நான் மனசுக்குள் தேடவில்லை.