கட்டைக் குரல்காரர் கேட்ட கேள்விகள்

மார்ச் 4

அடி என் டாக்டரம்மாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். ஒரு அசட்டுத்தனம் செய்துவிட்டேன். போனில் சொன்னால் கத்துவாய், அதனால்தான் கடிதம்.

நேற்று கடைக்கு ஒரு கட்டைக் குரல் ஆள் போன் செய்தான். உன் ஆஸ்பத்திரியாம். சர்ஜரி பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம். புது டாக்டர்களில் யார் தேறுவார், யார் பாதியில் திணறுவார் என்று இப்போதே கணிக்க, வளர்த்தவர்களை விசாரிக்கிறார்களாம். "தப்பு பண்ணினா ஒத்துக்குவாங்களா? தூக்கத்துல எழுப்பினா எப்படி நடந்துக்குவாங்க?" டாக்டரைப் பற்றி இஸ்திரிக் கடைக்காரியிடமா கேட்பார்கள்? திருட்டுப் பயல், வீட்டை நோட்டம் விடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். "தப்பா? மூடி மறைக்கிறதுல கில்லாடி. தூக்கத்துல எழுப்பினா கடிப்பா சார். ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்றேன். வைத்துவிட்டான்.

அவன் நிஜமான ஆள் இல்லைதானே?

உன் சித்தி

மார்ச் 9

அன்புள்ள சித்தி,

நிஜம்தான். அவர்தான் எங்கள் பயிற்சித் தலைவர். மார்க்கை மட்டும் நம்பி எடுத்தவர்கள் முதல் வருஷமே தடுமாறியதைப் பார்த்து, வீட்டாரையும் கேட்க ஆரம்பித்திருக்கிறார். இன்று வார்டில் எல்லார் முன்னாலும், "நீங்க கடிப்பீங்களாமே?" என்றார். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பட்டியல் போடுகிறார்கள். இந்த இடம் போனால் எனக்கு ஒரு வருஷம் வீண்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நான் தோற்று வீட்டோடு வந்துவிடட்டும் என்றுதானே அப்படிச் சொன்னீர்கள்? கிளம்பும்போதே "அங்க அப்படி என்னடி இருக்கு?" என்று கேட்டவர்தானே நீங்கள்.

தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். எண் பின்பக்கம் இருக்கிறது.

உங்கள் மகள் மாதிரி வளர்ந்தவள்

மார்ச் 13

சந்தேகப் பிராணிக்கு,

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன், ஒரு பொழுது முழுக்க. "வரட்டுமே" என்று ஒரு நொடி தோன்றியது நிஜம். அது அந்த ஆள் போனை வைத்த பிறகு. முன்னால் இல்லை.

கூப்பிட்டேன். நீ தங்கம், வைரம் என்று ஆரம்பித்தேன். "அவங்க எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"எழுதிக் கொடுத்தா, அவ டாக்டர் கையெழுத்தைப் படிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆகும் சார். அவ தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ ரெண்டு வீட்டுத் துணி மூட்டையை மாத்திக் கொடுத்துட்டு வந்தா. அவங்கதான் மாத்தி எடுத்தாங்கன்னு சொல்லிடுடின்னு பாடம் சொல்லி அனுப்பினேன். இந்தக் கழுதை நேராப் போய், 'தப்பு என்னோடது'ன்னு சொல்லிட்டு வந்துச்சு. ரெண்டு வாடிக்கையும் போச்சு. இப்படி ஒரு பொண்ணை வச்சுக்கிட்டு எப்படி சார் கடை நடத்துறது?"

முழுக்கக் கேட்டார். பிறகு, "திட்டினது போதும்மா. அவங்க பேரு லிஸ்ட்ல இருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. லிஸ்டைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுது.

பேசி முடித்துத் திரும்பினேன். இஸ்திரிப் பெட்டி வக்கீலுடைய கறுப்புக் கோட்டின் மேல் இருந்தது. முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை. சாயங்காலம் அவர் வந்து கேட்டார். இன்னும் காயவில்லை என்றேன்.

சித்தி